பல்லியமும் மின்கித்தாரும்

மலாய் மொழியில் தெமியாங் என்பது ஒருவகை மூங்கிலின் பெயர். ஊதி அம்பெய்யும் குழல் செய்வதற்கு ஏற்றது அம்மூங்கில். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகராகிய சிரம்பானில் அப்பெயரைத் தாங்கிய பகுதி ஒன்றுண்டு. சிரம்பானைச் சூழ்ந்த நிலம் முன்னர்க் காப்பித் தோட்டங்களாகவும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களாகவும் விளங்கியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891-இல் திறக்கப்பட்டது. கங்காணிமார் வழியாக அத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர், பால்மரக் காடுகளின் நடுவே கோயில் எடுத்தனர். அக்கோயில்களின் திருவிழாவில் தப்பும் உறுமியும் நாதசுரமும் முழங்கின.

மூங்கிலுக்கும் இசைக்கும் உள்ள உறவு தமிழுக்கு மிகப் பழையது. அகநானூற்றின் 82-ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சாரலைக் காட்டுகின்றார். அங்கே மூங்கிலில் வண்டு துளைத்த துளை வழியே மேல்காற்று புகுந்து குழலோசை எழுப்புகிறது. அருவியின் ஓசை முழவாகிறது. கலைமானின் குரல் தூம்பாகிறது. வண்டின் ஒலி யாழாகிறது. ஆடும் மயில் விறலியாகத் தோன்ற, மந்திகள் வியந்து நோக்கும் அவையோர் ஆகின்றன. மனிதர் கை படாத காட்டில் ஒரு பல்லியத்தையே கேட்டவர் கபிலர். பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் எனப் பெயரிட்டு அழைத்த மொழி தமிழ்.

பல கருவிகளையும் ஒருங்கே ஒலிக்கச் செய்து ஒரு பெருங்காட்சியை எழுப்ப வேண்டும் என்னும் இவ்வேட்கை, 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலரைப் பற்றிக்கொண்டது. மின்கித்தாரையும் முரசையும் வைத்து மூன்று நிமிடப் பாட்டுகளை இசைத்துவந்த அவர்கள், சிம்பொனியின் அகலத்தை அந்தச் சிறு கருவிக் குழுவுக்குள் கொண்டுவர முயன்றனர். அம்முயற்சியே சிம்பொனிப் பாங்கான முற்போக்கு ராக் எனப் பெயர் பெற்றது. அதன் முதற்காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகளே நீடித்தது. ஆயினும் அதன் வழியில் இசைப்போர் இன்றும் பலர் உள்ளனர். முன்னோர் பெரியரா, பின்னோர் பெரியரா என்னும் வழக்கு இவ்விசையை விரும்புவோரிடையே ஓயாது நடைபெறுகிறது. மரபையும் புதுமையையும் பற்றி நாள்தோறும் பேச நேர்கின்ற தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வழக்கு பயன் தரக்கூடியது. தமிழ் இசைவாணர் சிலர் இதில் நேரடியாகப் பங்குகொண்டமையால் அது மேலும் சிறப்புடையதாகிறது.

இருவேறு சேர்ந்திசை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கருவிகளின் ஒழுங்கைக் கூறுகின்றார். குழலின் வழியே யாழ் நிற்கிறது. யாழின் வழியே தண்ணுமை நிற்கிறது. தண்ணுமைக்குப் பின் முழவு நிற்கிறது. முழவோடு ஆமந்திரிகை கூடுகிறது. ஒன்றை ஒன்று பின்பற்றி ஒரே நெறியில் செல்வதே இங்குச் சேர்ந்திசையின் இலக்கணம். மேலைநாட்டுச் சிம்பொனியோ வேறு நெறியது. அங்கே வயலின் ஒரு பண்ணைப் பாட, செல்லோ மற்றொன்றைப் பாடும். ஊதுகருவிகள் மூன்றாவது ஒன்றைத் தொடுக்கும். வெவ்வேறு சுரங்கள் ஒரே கணத்தில் ஒலித்தும் அவை தம்முள் பொருந்தி நிற்கும். இப்பொருத்தத்தையே ஹார்மனி என்பர்.

இவ்விரு நெறிகளின் வேறுபாட்டை உணர்ந்தால், பின்னாளில் தமிழ் இசைவாணர் ராக் இசையோடு கைகோத்தபோது எதிர்கொண்ட அருமைப்பாடு விளங்கும். இராகம் ஒற்றை வழியில் ஆழ்ந்து செல்வது. சிம்பொனி பல வழிகளில் விரிந்து செல்வது. ஒன்றன் ஆழமும் மற்றொன்றன் அகலமும் கெடாமல் இரண்டையும் இணைத்தல் எளிதன்று.

முதற்காலம்

1967-இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டு, பாட்டுகளின் தொகுப்பாக இருந்த இசைத்தட்டை ஒரு முழுநூல் போல எண்ணச் செய்தது. அதே ஆண்டின் இறுதியில் மூடி புளூஸ் குழுவினர் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்னும் தட்டை வெளியிட்டனர். விடியல் தொடங்கி இரவு முடிய ஒரு நாளின் பொழுதுகளே அதன் பொருள். தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுதுகளை அறிந்த தமிழ் மாணவர்க்கு அவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. அத்தட்டில் ராக் குழுவோடு ஓர் ஆர்க்கெஸ்ட்ராவும் இசைத்தது.

ஒவ்வொரு முறையும் ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்தல் இயலாது. அக்குறையைத் தீர்க்க உதவியது மெல்லோட்ரான் என்னும் கருவி. ஹார்மோனியம் போன்ற கட்டைகளை உடையது அது. ஒவ்வொரு கட்டையின் அடியிலும், வயலின் முதலியவற்றின் ஓசை பதிந்த ஒலிநாடா ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் நாடா முடிந்துவிடும். விரலை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். இக்கருவியைக் கொண்டே 1969-இல் கிங் கிரிம்சன் குழுவினர் தம் முதல் இசைத்தட்டில் பெரும் அரண்மனை போன்ற ஓசையை எழுப்பினர்.

எமர்சன், லேக், பாமர் ஆகிய மூவர், ருசிய இசைப்புலவர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு இயற்றிய ஓவியக்காட்சி இசையை மின்கருவிகளில் இசைத்து 1971-இல் வெளியிட்டனர். யெஸ் குழுவினரின் 'குளோஸ் டு தி எட்ஜ்', ஜெனிசிஸ் குழுவினரின் 'சப்பர்ஸ் ரெடி' ஆகிய நெடும்படைப்புகள் 1972-இல் வெளிவந்தன. முன்னது ஏறத்தாழப் பத்தொன்பது நிமிடமும், பின்னது ஏறத்தாழ இருபத்து மூன்று நிமிடமும் நீள்வன.

இந்தியச் சிந்தனையும் இவர்களை ஈர்த்தது. புத்தர் காலத்தைப் பின்புலமாகக் கொண்டு ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய 'சித்தார்த்தா' என்னும் புதினம், 'குளோஸ் டு தி எட்ஜ்' தோன்றத் தூண்டுதலாயிற்று. அடுத்த ஆண்டு அதே குழுவினர் இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களுக்கு நான்கு நெடும்படைப்புகளை அமைத்தனர். பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அது சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்னும் நால்வகை நூல்களைப் பற்றியது. அவ்வடிக்குறிப்பே அந்நான்கிற்கும் வித்து. ஓர் அடிக்குறிப்பின் மீது எண்பது நிமிட மாளிகையை எழுப்பத் துணிந்த காலம் அது. அத்துணிவே அக்காலத்தின் பெருமை. அளவு மீறிய ஆசையும் அதுவே என்பர். அக்குழுவில் கட்டைக்கருவி இசைத்த ரிக் வேக்மன் என்பவரே அப்படைப்பில் மனநிறைவு கொள்ளாமல் 1974-இல் குழுவை விட்டு விலகினார்.

1976, 1977-ஆம் ஆண்டுகளில் பங்க் இசை எழுந்தது. மூன்று சுரக்கூட்டுகளும் முழக்கமும் போதும் என்றனர் புதிய இளைஞர். நெடும்படைப்புகளை இதழ்கள் எள்ளின. முதற்காலம் முடிவுற்றது.

எல்லை தந்த வடிவம்

முதற்காலத்தின் சிறப்புக்குப் பலர் பல காரணம் கூறுவர். அவற்றுள் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படாத ஒன்று, அக்காலத்துக் கருவிகளின் எல்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம் சற்றேறக்குறைய இடம் தந்தது. ஆகவே நெடும்படைப்பு அந்த அளவுக்குள் தொடங்கி, வளர்ந்து, முடிய வேண்டியதாயிற்று. மெல்லோட்ரான் எட்டு நொடிக்கு மேல் ஒரு சுரத்தைத் தாங்காது. ஆகவே அதற்கேற்ற மெல்லிய அசைவோடு பண்ணை அமைத்தனர். வெண்பாவின் தளை புலவனைக் கட்டுவது போலவே அவ்வெல்லைகள் அவர்களைக் கட்டின. தளை தட்டாமல் பாடும் முயற்சியில்தானே வெண்பாவுக்குச் செறிவு பிறக்கிறது!

தமிழர் புகுந்த வாயில்

இவ்விசையோடு தமிழரைச் சேர்த்த பாலம் ஜான் மெக்லாலின் என்னும் ஆங்கிலேயக் கித்தார் கலைஞர். அவர் 1971-இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்தார். 1974-இல் அக்குழு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு இணைந்து 'அப்போகலிப்ஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. பேரொலியின் உச்சியைத் தொட்ட அவர், அடுத்து எதிர்த்திசையில் நடந்தார். மின்கருவிகளை விடுத்து, எல். சங்கரின் வயலின், டி. எச். விநாயக்ராமின் கடம், சாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு 'சக்தி' என்னும் குழுவைக் கண்டார். வீணையின் கமகத்தைக் கித்தாரில் எழுப்பும் பொருட்டு, மெட்டுகளுக்கிடையே குழிவாகச் செதுக்கிய புதிய கித்தாரைச் செய்வித்துக்கொண்டார். 1976, 1977-ஆம் ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன.

எல். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-இல் இலங்கையில் தமிழர்க்கெதிராக எழுந்த கலவரத்தை அடுத்து அக்குடும்பம் தமிழ்நாட்டுக்குப் பெயர்ந்தது. பெயர்ந்த குடும்பத்தின் மைந்தர் உலக மேடையில் வயலினை ஏந்தினார். பின்னர்ப் பத்து நரம்புகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட இரட்டை வயலின் ஒன்றை அவர் வடிவமைத்தார். மேலைநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் முதல் டபுள் பாஸ் வரை பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஒலியெல்லையை ஒருவரே தொடவேண்டும் என்பது அதன் நோக்கம். ஜெனிசிஸ் குழுவின் முதற்பாடகராய் இருந்து 1975-இல் விலகிய பீட்டர் கேப்ரியல், 1989-இல் வெளியிட்ட 'பேஷன்' இசைத்தட்டில் சங்கரின் வயலின் ஒலிக்கிறது. முதற்காலத்தின் குரல் ஒன்றும் யாழ்ப்பாண மரபின் வில் ஒன்றும் அங்கே சந்தித்தன.

தோட்டத்துக்கு வராத இசை

சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களில் அக்காலத்தில் இத்தகைய குழு ஏன் தோன்றவில்லை என்னும் கேள்வி எழலாம். மலேசிய இளைஞர் மின்கித்தாரை அறியாதவர் அல்லர். 1960-களில் மலாய்க் கித்தார்க் குழுக்கள் நாடெங்கும் தோன்றின. அவற்றின் இசையைப் பாப் யே யே என்றனர். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் 'அல்லிகேட்ஸ்' குழுவின் வழியாக மலாய்ப் பாடல்களால் நாடறிந்த புகழ் பெற்றனர். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது இனவேறுபாடின்றி மக்கள் வருந்தினர்.

ஆயின் சிம்பொனிப் பாங்கான இசைக்குக் கித்தார் மட்டும் போதாது. விலையுயர்ந்த கட்டைக்கருவிகள் வேண்டும். பயிற்சிக்கு ஓய்வு வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வாரம் தங்கப் பொருள் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று நாட்கூலி பெற்ற குடும்பத்து இளைஞனுக்கு இவை எட்டாதவை. ஆற்றல் இன்மையால் அன்று, வசதி இன்மையால் அவ்விசை அங்கே பிறக்கவில்லை. அதே தோட்டத்தில் உறுமி பிறந்தது. ஏனெனில் உறுமிக்குத் தோலும் மரமும் வளைந்த குச்சியும் பழகிய கையும் போதும்.

பின்னோர் செய்தது

1980-களில் மாரிலியன் போன்ற குழுக்கள் பழைய விளக்கை அணையாமல் காத்தன. 1990-களில் ஒரு மறுமலர்ச்சி தோன்றியது. 1992-இல் சுவீடன் நாட்டு எங்லகோர்ட் குழுவினர் மெல்லோட்ரானைத் தூசி தட்டி எடுத்துத் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அதிலுள்ள பாடல்களை ஆங்கிலத்தில் அன்றித் தம் தாய்மொழியிலேயே பாடினர். அதே ஆண்டு அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் குழுவினர் கடும் உலோக ராக்கோடு நெடும்படைப்பு மரபை இணைத்தனர். நான்கு குழுக்களைச் சேர்ந்த நால்வர் கூடிய டிரான்ஸ்அட்லாண்டிக் குழு, 2009-இல் எழுபது நிமிடத்துக்கும் மேலாக நீளும் ஒரே படைப்பைத் தந்தது. இருபது நிமிட எல்லை குறுந்தகட்டின் வருகையால் அகன்றதன் விளைவு அது.

இருகாலத்தையும் ஒப்பிடுமிடத்து மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவது, கைத்திறன். பின்னோர் கைத்திறனில் முன்னோர்க்குக் குறைந்தவர் அல்லர். பல இடங்களில் மிக்கவர். முன்னோர் தடுமாறிக் கண்ட தாளங்களைப் பின்னோர் பள்ளிப்பருவத்திலேயே பயின்றனர். இரண்டாவது, எல்லை. பின்னோர்க்கு நேரத்தின் தடை இல்லை. கருவியின் தடையும் இல்லை. ஆகவே விரிவு மிகுந்தது. சில வேளைகளில் செறிவு குறைந்தது. மூன்றாவதே முதன்மையானது. முன்னோர்க்கு முன்மாதிரி இல்லை. அவர்கள் தேவாலய இசை, ஜாஸ், நாட்டுப்பாடல், சிம்பொனி எனப் பிற துறைகளிலிருந்து பொருள் கொணர்ந்து ஒரு வடிவத்தைத் தேடினர். பின்னோரில் பலர் அவ்வடிவத்திலிருந்தே பொருளை எடுத்தனர். இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ்மரபு. முன்னோர் இலக்கியம் செய்தனர். பின்னோர் அதனின்று பிறந்த இலக்கணத்துக்கு இலக்கியம் செய்கின்றனர்.

இதனால் பின்னோரை இகழ்தல் முறையன்று. உரையாசிரியர் இல்லையேல் மூலநூல் விளங்காது. ஸ்டீவன் வில்சன் என்னும் இக்காலக் கலைஞர், கிங் கிரிம்சன், யெஸ் ஆகிய குழுக்களின் பழைய ஒலிநாடாக்களை மீண்டும் கலந்து தெளிவாக்கி வெளியிட்டார். ஏடு தேடிப் பதிப்பித்த பெரியோரை அறிந்த தமிழர், அத்தொண்டின் அருமையை உணர்வர். ஆயின் பதிப்பித்தல் வேறு, படைத்தல் வேறு. மரபுக்குக் காவலும் வேண்டும்; புதிய நீரும் வேண்டும்.

புதிய நீர்

அப்புதிய நீர் தமிழ்நிலத்திலிருந்தும் பாய்ந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வழியாக வெளிப்பட்டார். திரைப்பாட்டின் நான்கைந்து நிமிடத்துக்குள், சரணங்களுக்கு முன்வரும் இடையிசையில், சிம்பொனியின் பல்வழி நடையை அவர் அமைத்தார். அவர்க்கும் எல்லையே வடிவம் தந்தது. ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரையே கேட்டறியாத தோட்டத்து வீடுகளில், வானொலி வழியாக அதன் ஓசை புகுந்தது. 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. இராகத்தின் ஒற்றை வழியும் ஹார்மனியின் பல வழியும் அங்கே எதிரெதிர் அமர்ந்து உரையாடுகின்றன. 2005-இல் திருவாசகத்தைச் சிம்பொனிக் குழுவோடு இசைத்தார். 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது. அப்போது அவர்க்கு வயது எண்பத்தொன்று.

ராக் வழியிலேயே நின்று இப்பணியைச் செய்வோரும் உளர். 2003-இல் பெங்களூரில் தோன்றிய குழுவொன்று 'அகம்' என்னும் தமிழ்ச்சொல்லையே பெயராக்கிக்கொண்டது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடும் அக்குழு, 2012, 2017-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தொகுப்புகளில் கருநாடக இசையையும் முற்போக்கு ராக்கையும் பிணைத்தது. கீர்த்தனையின் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வளரும் முறை, நெடும்படைப்பின் படிப்படியான எழுச்சிக்கு இயல்பாகவே பொருந்துவதை அவர்கள் கண்டுகொண்டனர். சக்தி குழுவும் மீண்டும் உயிர்பெற்றது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் தாளம் தாங்க, அக்குழுவின் 'திஸ் மொமன்ட்' 2024-இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் சாகிர் உசேன் மறைந்தார்.

இவர்களை எடுத்துக்காட்டுவதன் நோக்கம் புகழுரை அன்று. முன்னோரின் ஓசையைப் படியெடுத்தவர் மாணவராய் நின்றனர். முன்னோரின் துணிவைக் கைக்கொண்டு தம் மண்ணின் பொருளைக் கொணர்ந்தவரே வழித்தோன்றல் ஆயினர். முதற்காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையிலான வழக்கு இவ்விடத்தில்தான் தீர்கிறது.

தெமியாங்கின் முன்னுள்ள கேள்வி

சிரம்பானைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவற்றில் பால்மரம் அகன்று செம்பனை நிற்பது பெரும்பான்மை. லயங்கள் கலைந்தன, கோயில்கள் சில இடம் பெயர்ந்தன. ஆயினும் உறுமி நிற்கவில்லை. நகரத்துத் திருவிழாக்களில் அது இன்றும் அதிர்கிறது.

ஐம்பதாண்டுகளுக்கு முன் அத்தோட்டத்து இளைஞனைத் தடுத்த வறுமையின் சுவர் இன்று பெரும்பகுதி தாழ்ந்துள்ளது. ஒரு கணினிக்குள் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் அடங்குகிறது. மெல்லோட்ரானின் ஓசையும் அதனுள் கிடைக்கிறது. கருவி இல்லை என்னும் குறை நீங்கியபின், கருத்து உண்டா என்னும் கேள்வியே எஞ்சுகிறது. உறுமியின் ஆழ்ந்த முனகலைக் கேட்டு வளர்ந்த செவி, அதனைப் பல்லியத்தின் ஒரு குரலாக அமைக்கத் துணியுமா? அன்றி, வந்த ஓசைகளைப் படியெடுத்து அமையுமா?

இக்கேள்வியை மாணவர்முன் வைத்தல் தமிழாசிரியர் கடன். கபிலரின் மலைச்சாரலை வகுப்பில் விளக்கும் நாளில், இளங்கோவடிகளின் கருவி ஒழுங்கையும் உடன் காட்டலாம். ஒரு நாளின் பொழுதுகளை இசையாக்கிய 1967-இன் தட்டினைக் கேட்பிக்கலாம். ஊர்க்கோயிலின் உறுமியையும் ஒலிக்கச் செய்யலாம். நான்கையும் ஒருசேரக் கேட்கும் மாணவன், பழமை என்பது முன்னோர் ஒருநாள் துணிந்து செய்த புதுமை என்பதை உணர்வான். மூங்கில் எங்கும் வளர்கிறது. அதில் துளையிடுவார் இருந்தால்தான் காற்று குழலிசை ஆகும்.